நாங்கள் மங்களமாக முடித்த படம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருடம் யோசித்தேன். நோட்டு வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டது எத்தனையோ தடவை. நான் எட்டாவதுவரை படித்தவள். எழுத வராது என்பது ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம். அடுத்தவள் வீட்டுத் துக்கத்தை நாம் எழுதினால் அம்பாள் பொறுப்பாளா என்ற பயம். இந்த ஆடியில் மல்லிகாவே வீட்டுக்கு வந்து, "எழுதுங்கக்கா. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க பாத்தத நீங்க எழுதுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

என்னைத் தியேட்டரில் தனம் அக்கா என்பார்கள். காவிரிக்கரைக் குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்த் தியேட்டரில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். முதலில் பெண்கள் கவுண்ட்டரில் டிக்கெட் கிழித்தேன். டிக்கெட் போனுக்குள் போன பிறகு என்னை ஹாலுக்குள் போட்டார்கள். டார்ச் அடித்து ஆட்களை உட்கார வைக்க வேண்டும். ஷோ முடிகிற நேரம் திரைக்குப் பக்கத்தில் இருக்கிற வலது வாசலைத் திறந்துவிட வேண்டும். எல்லாரும் போனதும் பெருக்க வேண்டும். காலையில் முதல் ஷோவுக்கு முன் திரைக்குச் சூடம் காட்டுவதும் நான்தான். அது யாரும் சொல்லிச் செய்ததில்லை.

1. எழுந்திருக்காத பெண்கள்

அந்தப் பழைய படத்தைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கம் கிடையாது. படம் முழுக்கப் பாட்டு. தோணிக்காரனைக் கட்டிக்கொண்ட பெண், வெள்ளத்தில் போன புருஷனைத் தேடி ஆற்றங்கரையில் நின்று பாடுவாள். பாட்டு முடிகிறபோது தோணி திரும்பி வரும். ஊரே கூடி வாழ்த்துப் பாடும். கல்யாண வீட்டில், காதுகுத்தில் எல்லாம் அந்த வாழ்த்துப் பாட்டைத்தான் போடுவார்கள்.

அதைப் புதிதாக எடுத்திருந்தார்கள். கடைசிக் காட்சியை நம் கொள்ளிடத்தில், திருப்பனந்தாளுக்கு வடக்கே எடுத்தார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. வெள்ளிக்கிழமை முதல் ஷோவுக்கே வேனில் வந்து இறங்கினார்கள்.

முன் வரிசையில் ஒரு பெரியவர் பாட்டுக்குப் பாட்டு எண்ணிக்கொண்டே வந்தார். "தோணிப் பாட்டு எங்கடா? பாதியிலயே கரை ஏத்திட்டானுவளே!"

பின்னாலிருந்து ஒரு பையன், "தாத்தா, உங்க படத்த நீங்க மனசுக்குள்ள ஓட்டிக்குங்க. இத எங்களப் பாக்க விடுங்க" என்றான்.

"மனசுக்குள்ள ஓட்டுறதுக்கு உனக்கு எதுக்குடா நூத்தம்பது ரூவா?"

ஹாலே சிரித்தது. அப்படித்தான் சிரிப்பும் ஏச்சுமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசிக் காட்சி வந்தது. ஆடிப்பெருக்கு. கதாநாயகி படித்துறையில் நின்று பாடுகிறாள். பாட்டு முடிகிறது. தோணி வரவில்லை. அவள் தாலியைக் கழற்றி, வாழை மட்டையில் விளக்கோடு வைத்து, ஆற்றில் விடுகிறாள். அவள் திரும்பிப் போய்விடுகிறாள். பிறகு வெறும் ஆறு. ஒரு பக்கம் பெயர்கள் ஓட ஆரம்பிக்கின்றன.

நான் கதவைத் திறந்தேன். ஆண்கள் எழுந்து போனார்கள். பெண்கள் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. அழுகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் அழவில்லை. பாதிப் பேர் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பெயர்கள் முடிந்து, திரை இருட்டாகி, லைட் போட்ட பிறகும் சத்தமில்லை. இருபத்தாறு வருடத்தில் அத்தனை பேர் இருந்த ஹாலில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா தனம், மறியல் மாதிரி உக்காந்திருக்காங்களே, என்னன்னு கேளு. அடுத்த ஷோ நிக்குது."

முன்னால் இருந்த சிவப்புச் சேலைக்கார அம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பூவும் பொட்டுமா வந்திருக்கோம். தாலிய ஆத்துல வுட்டுட்டு, வூட்டுக்குப் போன்னா எப்படிப் போறது? மங்களமா எதாச்சும் ஒண்ணு போடச் சொல்லு. போயிடுறோம்."

2. வாழி

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கம் திரௌபதையம்மன் கோயிலில் பாரதம் படிப்பார்கள். ஒருநாள் கதை சாவில் நின்றால் படிக்கிறவர் அப்படியே புத்தகத்தை மூடமாட்டார். ஒரு நல்ல கட்டத்தைத் தொட்டு, வாழி பாடி, தீபம் காட்டிய பிறகுதான் ஜனம் எழுந்திருக்கும். கெட்டதைக் கேட்ட காதோடு வாசல் தாண்டக் கூடாது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் சினிமா என்றால் மட்டும் எப்படி மறப்பார்கள்?

நான் கேபினுக்கு ஓடினேன். ஆபரேட்டர் பாலு சின்ன வயது. கெட்டிக்காரன்.

"பாலு, பழைய படத்து வாழ்த்துப் பாட்டு உன் போன்ல இருக்கா? இன்டர்வெல் பாட்டு போடுற லைன்ல அதப் போடு."

"என்னக்கா, படத்துக்கே பரிகாரம் பண்றீங்களா?"

"பேசாம போடுடா."

போட்டான். முதல் அடி ஒலித்ததும் பெண்கள் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்தார்கள். சிவப்புச் சேலை அம்மா போகிற போக்கில் என் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்.

மத்தியானத்திலிருந்து அதையே முறையாக்கிவிட்டோம். கதாநாயகி திரும்பிப் போனதும் வெறும் ஆறு தெரிகிறதே, அதில் பத்து எண்ணுவது. பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நான் வாசலிலிருந்து கேபினைப் பார்த்து டார்ச்சை ஒரு தடவை அசைப்பேன். பாலு படத்தை நிறுத்துவான், லைட்டைப் போடுவான், பாட்டைப் போடுவான். கடைசியில் வருகிற பெயர்களை எந்தத் தியேட்டரில் முழுசாக ஓட்டுகிறார்கள்? மேனேஜரும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாளே பேச்சு பரவிவிட்டது. அந்தத் தியேட்டரில் நல்லபடியாக முடிக்கிறார்களாம் என்று மயிலாடுதுறை பக்கத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். என் யோசனை என்று எனக்குப் பெருமை. கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

3. வலது பக்க மூலை

நாலாம் நாள் மேட்னியில்தான் அந்தப் பெண்ணைக் கவனித்தேன். நாற்பது வயதுக்குள் இருக்கும். தனியாக வந்தாள். வலது ஓரம், மூன்றாவது வரிசை. மறுநாளும் அதே மேட்னி, அதே சீட். அதற்கு மறுநாளும். படம் ஓடும்போது அவள் தலைகுனிந்துதான் இருப்பாள். கடைசிக் காட்சி வந்ததும் நிமிர்வாள்.

எல்லாரும் போன பிறகு அவள் செய்ததுதான் எனக்குப் புரியவில்லை. நேரே திரைக்கு வருவாள். வெறும் வெள்ளைத் திரை. அதில் வலது பக்கம், ஆள் உயரத்துக்கு ஒரு இடத்தில் உள்ளங்கையை வைப்பாள். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைக்கிற மாதிரி இருக்கும்.

மூன்றாம் நாள் துடைப்பத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் போனேன்.

"யாரும்மா நீ? அங்க என்ன இருக்கு?"

"எங்க வூட்டுக்காரருக்கா. இங்கதான் நிக்கிறாரு."

அவள் பெயர் மல்லிகா. திருப்பனந்தாளுக்குப் பக்கத்து ஊர். கொள்ளிடத்துக் கரையிலேயே வீடு. புருஷன் குத்தகை நிலம் பார்த்தவர். அறுவடை முடிந்த பிறகு பேராவூரணிக்குத் தேங்காய் லோடு ஏற்றப் போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், அங்கே போய்ச் சேரவில்லை. போனும் எடுக்கவில்லை. ஒன்றரை வருடமாகிவிட்டது. யாரோ ஒருத்தியோடு கேரளா போய்விட்டார் என்று ஊரில் பேச்சு. பூ வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு. மாமனார் காரியம் செய்துவிடலாம் என்கிறார். இவள் முடியாது என்கிறாள்.

"இந்தக் கடைசி சீன் எடுத்தது அவரு கெளம்புன அன்னிக்குத்தாங்க்கா. அக்கரையில தெரியிறது எங்க ஊரு படித்துறை. அந்த அரசமரத்துக்குக் கீழ நிக்கிறாரு. இடுப்புல ஒரு கைய வெச்சு ஒருக்களிச்சு நிப்பாரு, அப்படியே நிக்கிறாரு."

மறுநாள் மேட்னியில் நான் கதவைத் திறக்காமல் திரையைப் பார்த்தேன். அதுவரை அந்த நேரத்தில் நான் கதவையும் கூட்டத்தையும்தான் பார்த்திருந்தேன். வெறும் ஆறு. வலது பக்க மூலையில் மரம். மரத்தடியில் ஒரு ஆள். விரல் அளவுதான். முகம் தெரியாது. வேட்டி, காலடியில் ஒரு நீலப் பை, இடுப்பில் கை.

அன்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "மல்லிகா, இது அம்பாள் காட்டிக் கொடுத்தது. மங்களம் பாடுற இடத்துல அவரக் கொண்டாந்து நிறுத்தியிருக்கா பாரு. கட்டாயம் வந்துடுவாரு. நான் சொல்றேன், எழுதி வெச்சுக்க."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "சரிங்கக்கா" என்றாள்.

4. பாட்டு வராத நாள்

இரண்டாவது வாரம் திங்கட்கிழமை காலை ஷோ. பதினோரு பேர்தான். கடைசிக் காட்சி வந்தது. பத்து எண்ணினேன். டார்ச்சை அசைத்தேன். படம் நிற்கவில்லை. பாலு போனைக் கீழே டீக்கடையில் வைத்துவிட்டு வந்திருக்கிறான். அதை எடுக்க ஓடியவன், அது கைக்கு வந்து பாட்டுக் கிடைத்த பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்று படத்தை ஓடவிட்டிருக்கிறான். இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். நான் வாசலில் நின்றபடி திரையின் மூலையைப் பார்த்தேன். பார்த்துப் பழகிவிட்டதே.

இடது பக்கம் பெயர்கள் ஏறிக்கொண்டிருந்தன. மரத்தடியில் நின்றவர் குனிந்தார். சட்டையைக் கழற்றி மடித்துப் பைமேல் வைத்தார். படியில் இறங்கினார். தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முழங்கால், இடுப்பு, மார்பு. முங்கினார்.

பெயர்கள் ஏறிக்கொண்டே இருந்தன. பாட்டு எழுதியவர், ஆடை தைத்தவர், சாப்பாடு போட்டவர், வண்டி ஓட்டியவர். நான் தண்ணீரையே பார்த்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நீலப் பை கரையில் இருந்தது. இப்போது எழுவார், இப்போது எழுவார் என்று என் மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஊர் மக்களுக்கு நன்றி என்று ஒரு வரி வந்தது. பை அப்போதும் அங்கேயே இருந்தது. திரை இருட்டானது.

கேபினுக்குப் போய்ப் பாலுவைத் திரும்பப் போடச் சொன்னேன். மூன்று தடவை பார்த்தோம். மூன்றாம் தடவை பாலு தன் மணிக்கட்டைப் பார்த்து நேரம் எண்ணினான். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான்.

"மணல் அள்ளுன பள்ளங்க்கா அது. அந்தப் பக்கமெல்லாம் அப்படித்தான். உள்ள போனா சுத்தும்." பிறகு, "இத எடுத்தவங்க யாருமே பாக்கலையாக்கா?" என்றான்.

யார் பார்ப்பார்கள்? எல்லாரும் விளக்கைத்தானே பார்த்தார்கள்.

மேட்னிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. தாயே மாரியம்மா, இவளிடம் நான் எப்படிச் சொல்வேன் என்று வாய்விட்டே கேட்டேன். சொல்லாவிட்டால் இன்னும் மூன்று நாளில் படம் மாறிவிடும். அவள் நம்பிக்கையோடு பூ வைத்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் காத்திருப்பாள், வந்துடுவாரு என்று சொன்னவள் நான். சொன்னால் அவள் கழுத்தில் இருப்பதை என் வாயால் அறுக்கிற மாதிரி.

சைக்கிள் ஸ்டாண்டில் அவளைப் பிடித்தேன். "மல்லிகா, இன்னிக்கு உள்ள போகாதம்மா. நான் ஒண்ணு பாத்துட்டேன்" என்று தொடங்கினேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். "தண்ணில எறங்குறதப் பாத்துட்டீங்களாக்கா?"

நான் தலையாட்டினேன்.

"மொத நாளே மாயவரத்துல பாத்துட்டேன். அங்க முழுசா ஓட்டுனாங்க. ரெண்டு ஷோ பாத்தேன். ரெண்டு தடவையும் போயிட்டாரு. அப்பறந்தான் சொன்னாங்க, இங்க பாதியிலயே நிறுத்திப் பாட்டு போட்டுடுறாங்கன்னு. இந்தத் தியேட்டர்லதாங்க்கா அவரு கரையிலயே நிக்கிறாரு."

"அப்ப நான் வந்துடுவாருன்னு சொன்னப்ப..."

"உங்களுக்குத் தெரியலன்னு தெரிஞ்சிது. உங்க மொகம் அவ்வளவு சந்தோஷமா இருந்திச்சு. எனக்குச் சொல்ல மனசு வரல."

பிறகு அவளே சொன்னாள். "அன்னிக்கு ஊரே ஷூட்டிங் பாக்க, வேன்ல பாலம் சுத்தி வடகரைக்குப் போயிடுச்சு. அதான் எங்க படித்துறையில ஆளில்ல. நீ போய்ப் பாரு, நான் ஒரு குளியலப் போட்டுட்டு மூணு மணி பஸ்ஸுக்குப் போயிக்கிறேன்னாரு. கொல்லைக் கொழாயில குளிப்பாருன்னு நெனச்சேன். நான் கேமராவுக்குப் பின்னாடிதாங்க்கா நின்னேன். என் கண்ணுக்கு நேராதான் போயிருக்காரு. நான் அந்தக் கதாநாயகி பொடவையப் பாத்துக்கிட்டு நின்னேன். அன்னிக்கு ராத்திரி அணையில தண்ணி தொறந்துட்டாங்க. பையும் போயிருக்கும்."

அன்றும் அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். பத்து எண்ணியதும் நான் டார்ச்சை அசைத்தேன்.

5. வியாழக்கிழமை மேட்னி

புதன்கிழமை போகும்போது அவள் கேட்டாள். "நாளைக்குப் படம் கடைசியாக்கா?"

"ஆமாம்மா."

"நாளைக்கு மேட்னிய முழுசா ஓட விடுங்க. எத்தன நாளு அவர அங்கயே நிக்க வெக்கிறது? கால் வலிக்காதா?"

மேனேஜரிடம் விவரம் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சாயங்காலம் ஷோ கால் மணி தள்ளிக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

கடைசி நாள் என்பதால் பாதி ஹால் நிறைந்திருந்தது. கதாநாயகி விளக்கை விட்டுத் திரும்பினாள். ஆறு. பத்தும் ஆயிற்று, இருபதும் ஆயிற்று. டார்ச்சை நான் இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டேன். பெண்கள் முணுமுணுத்தார்கள். "என்னாச்சு, பாட்டு போடல? இதுக்காவத்தானே இவ்ளோ தூரம் வந்தோம்!" நான் முன்னால் போய் நின்றேன். "தாயே, கோவிச்சுக்காதீங்க. இன்னிக்குக் கொஞ்ச நேரம் உக்காருங்க. பாட்டு வரும்" என்று கும்பிட்டேன். காரணம் சொல்லவில்லை. ஆனாலும் அவர்கள் உட்கார்ந்தார்கள்.

மல்லிகா எழுந்து திரைக்கு வந்தாள். அந்த மூலைக்குக் கீழே, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஆற்று வெளிச்சம் அவள் தலைமேல் ஆடியது. மேலே அவர் சட்டையை மடித்தார். படியில் இறங்கினார். முழங்கால். இடுப்பு.

அப்போது அவள் கூப்பிட்டாள். "குமரேசன்!"

எங்கள் பக்கம் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டோம். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வோம். பதினாறு வருடம் குடித்தனம் நடத்தியவள் முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொன்னாள். ஹாலில் இருந்த அத்தனை பெண்களுக்கும் அது என்னவென்று அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது. மூன்று தடவை கூப்பிட்டாள்.

மூன்றாம் தடவை, மார்பளவு தண்ணீரில் இருந்தவர் நின்றார். தலையை இந்தக் கரைப் பக்கம் திருப்பினார். பிறகு முங்கினார்.

என் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணமாட்டேன். பாலுவிடம் அன்றே கேட்டேன். "அந்த எடத்துல அவரு எப்பவுமே ஒரு நொடி நிப்பாருக்கா. நீங்க முன்ன கவனிச்சிருக்கமாட்டீங்க" என்றான். ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பப் போட்டுப் பார்க்கலாம் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. படத்தைத் திறக்கக் கம்பெனி கொடுக்கிற கீ அன்றோடு முடிந்துவிட்டது, மறுநாள் கேட்டாலும் மிஷின் அதை ஓட்டாது. பிறகு அந்தப் படம் போனில் வந்தது. போனில் அக்கரையே ஒரு கோடுதான். மரமே தெரியவில்லை.

பெயர்கள் முடிகிறவரை அவள் நின்றாள். திரை இருட்டானதும் பாலு லைட்டைப் போட்டான். ஒருத்தரும் அசையவில்லை. மல்லிகா திரும்பி, அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "இப்பப் பாட்டப் போடச் சொல்லுங்கக்கா. இவங்கல்லாம் வூட்டுக்குப் போவணும்ல."

நான் டார்ச்சை அசைத்தேன். வாழ்த்துப் பாட்டு வந்தது. பெண்கள் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்தார்கள். ஒவ்வொருத்தராக அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவள் வாசலருகே நின்று, கடைசி ஆள் போகிறவரை வழி விட்டுக்கொண்டிருந்தாள்.

மல்லிகா வீட்டார் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்கள். படத்தில் முகம் தெரியவில்லையே என்றார்கள் போலீஸ்காரர்கள். உடம்பு இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த மாதமே, அவர்கள் ஊர்ப் படித்துறையில் காரியம் செய்தார்கள். நானும் பாலுவும் போயிருந்தோம். கேரளா பேச்சு அதோடு நின்றது.

தியேட்டர் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு படத்தை எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று முடிவு செய்கிறவர், ஒரு தடவையாவது அதைக் கடைசிவரை பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. பார்க்காமலே ஒருத்திக்கு அம்பாள் பெயரால் வாக்குக் கொடுத்தேன். அதற்கு இன்றும் வெள்ளிக்கிழமைதோறும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். எழுதியது எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லுங்கள். அந்தத் தியேட்டரில் பேய் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த ஆள் கேரளாவிலிருந்து திரும்பி வந்துவிட்டார் என்று சிலர் நல்ல மனசோடு சொல்கிறார்கள். இரண்டும் வேண்டாம். அந்தப் படத்துக்கு எங்களுக்குப் பிடித்த முடிவை நாங்கள் வைத்துப் பார்த்தாயிற்று. இதற்கு யாரும் வைக்காதீர்கள்.